அப்பாவின் வரிமீன்கள்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, புத்திக்கும் ஒன்றுமில்லை. "அக்காவுக்கு மனசு சரியில்ல, தினமும் காலையில மீன் இறங்குற இடத்துல போய் நிக்கிறா" என்று சித்தி உன்னிடம் சொன்னாளாம். நிற்பது உண்மை, காரணம் அதுவல்ல. நீயும் பிள்ளையும் சுகமா, உன் இருமல் விட்டதா?

அப்பா போன பிறகு கண்ணாடித் தொட்டியில் மிஞ்சிய இரண்டு வரிமீன்களையும் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார் என்று உனக்கு எழுதினேன் அல்லவா, அது பொய். நீ இரண்டு முறை சொல்லியும் நான் அவரைக் கூப்பிடவில்லை. பேச்சு நின்றுபோன கடைசி மாதங்களில் அப்பா பார்த்துக்கொண்டே கிடந்த மீன்கள் விலைச்சீட்டோடு கடையில் நிற்பதை என்னால் நினைக்க முடியவில்லை. வாளியில் எடுத்துப்போய்ப் படகுத்துறையில் விட்டேன். விசிறி மாதிரி துடுப்பை விரித்துக்கொண்டு போயின. புண்ணியம் என்று நினைத்தேன். அவை வேறு கடலின் மீன்கள் என்பது தோன்றவே இல்லை, கடல் என்றால் கடல்தானே என்று இருந்துவிட்டேன், இவ்வளவு படித்தும்.

மூன்று வருஷத்துக்கு முன் எதிர்வீட்டு வலைக்காரர், அப்பாவைத் தூக்கி ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றியவர், ஒரு வாளியோடு வந்தார். "அக்கா, அண்ணன் வளர்த்தாரே, அதே மாதிரி ஒண்ணு வலையில சிக்கிச்சு, பாத்தா சந்தோஷப்படுவீங்கன்னு கொண்டாந்தேன்" என்றார். அழகாயிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். இப்போது அவர் வலையில் பாதி அதுதான். அதன் விஷமுள் குத்தி அவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் இன்னும் மடங்கவில்லை. ஒன்றை வாங்கி வந்து வயிற்றைக் கிழித்தேன். நம் பாறைமீன் குஞ்சுகள் பதினேழு இருந்தன. அன்றிலிருந்து தினமும் போய் எத்தனை வருகிறது என்று எண்ணுகிறேன். "டாக்டரம்மா ஆபரேஷனுக்கு வந்தாச்சு, வழி விடுங்கப்பா" என்று துறையில் கேலி செய்கிறார்கள், நான் மீன் வயிற்றைக் கிழித்ததைக் கேள்விப்பட்டு. யார் விட்டதென்று சொல்ல முடியாது, பல பேர் விட்டிருக்கலாம் என்கிறார் மீன்துறை அதிகாரி. எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம். வலைக்காரர் அடுத்த வாரம் படகை விட்டுவிட்டுக் கிடங்கு வேலைக்குப் போகிறார். அதற்குள் அவர் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிடுவேன். முதலில் உனக்கு, பொய்யை எழுதியது உனக்குத்தானே.

கான்வென்ட்டில் எங்களைப் பிழையை அழிக்க விடமாட்டார்கள். ஒற்றைக் கோடு போட்டு, அடியில் தெரியும்படி விட்டு, மேலே சரியானதை எழுத வேண்டும். அந்தப் பழைய கடிதம் உன்னிடம் இருந்தால் அப்படியே செய், கிழிக்காதே. பிள்ளையோடு நீ நன்றாயிருக்க வேண்டும், கடவுள் துணை. வெந்நீர் குடிக்க மறக்காதே. போன் செய்யாதே, போனில் "பரவாயில்லம்மா" என்று சொல்லிவிடுவாய். யோசித்து, எழுத்தில் பதில் போடு.

இப்படிக்கு,
அம்மா