அந்தக் கோட்டுக்குள் நீ இல்லை, சின்னண்ணா

என் ஆசைச் சின்னண்ணா,

நம் வீட்டு முன்னறையில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறார்கள். சவப்பெட்டியில் நீ கோட்டும் டையுமாகக் கிடக்கிறாய். சுற்றி நாங்கள் எல்லோரும் கேமராவைப் பார்த்து நிற்கிறோம். ஒருவர்கூட உன்னைப் பார்க்கவில்லை. அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அது பெரியண்ணனின் கல்யாணக் கோட்டு. அதன் கை உன் விரலையே மூடிவிட்டது. நீ உடுத்துகிற வெள்ளை வேட்டியே போதும் என்று எவ்வளவோ அழுதேன். "நாலு பேரு வாற வீடாக்கும் மக்கா. முண்டுல கிடத்தினா நமக்குத்தான் குறச்சல்" என்றார் பெரியண்ணன். செத்தது நீ, குறைச்சல் அவருக்கு!

உதியன்குளங்கரை டுட்டோரியலில் ப்ரீடிகிரி பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நீ நடத்துவாயே, நானூறு வருஷத்துக்கு முந்தைய அந்தப் பிரெஞ்சுக் கட்டுரைக்காரர், அவரை நினைத்துக்கொண்டேன். ஆளைப் பார்க்கவேண்டும், உடுப்பை அல்ல என்றவர். தெரியாதவன்தான் பெரிய வார்த்தைக்குப் பின்னால் ஒளிவான் என்றவர். தனக்கு என்னதான் தெரியும் என்று கடைசிவரை சந்தேகப்பட்டவர். சாப்பிட உட்கார்ந்தால் இதையெல்லாம் எனக்கும் சொல்வாய்.

நீயும் அப்படித்தானே இருந்தாய்? பிள்ளைகள் கேட்டதற்குப் பதில் தெரியாவிட்டால், "எனக்குத் தெரியாது மக்கா, பாத்துட்டு வாறேன்" என்பாய். அதற்காகவே உன்னை 'ஒண்ணும் தெரியாத சார்' என்று கேலி செய்தவர்கள், அடக்கத்தன்று சர்ச்சில் நின்று 'அறிவுக் களஞ்சியம்' என்றார்கள். அதைக் கேட்டுக்கொண்டு எப்படியண்ணா சும்மா கிடந்தாய்?

ஒன்றில் மட்டும் உன் கட்டுரைக்காரரோடு எனக்குச் சண்டை. கண்ணை நம்ப முடியாது என்றாராமே. என் கண் உன்னைச் சரியாகத்தான் பார்த்தது. ஏமாற்றியது பெரியண்ணன்.

இப்போது கல்லறைக்குக் கல் வந்திருக்கிறது. உன் பெயரை இங்கிலீஷில் வெட்டி, பக்கத்தில் எம்.ஏ. என்றும் போடப்போகிறாராம். நீ பாதியில் விட்ட படிப்பு என்று ஊருக்கே தெரியும்.

"சின்னண்ணன் எம்.ஏ. முடிச்சதுண்டா?" என்று கேட்டேன்.

"கல்லறையில வந்து ஆரு சர்டிபிகேட் கேக்கப்போறா?" என்றார்.

நீயே ஒருநாளும் மறைக்காததை மறைக்க இவர் யார்?

நாளை கல் வெட்டுகிறவர் வருகிறார். நான் அந்தக் கல்லின்மேல் போய் உட்காரப்போகிறேன். உன் பெயர் மட்டும், நாம் பேசிய தமிழில். அதற்கு ஒத்துக்கொள்ளும்வரை எழுந்திருக்க மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. "உனக்கு என்னட்டீ தெரியும்?" என்று பெரியண்ணன் கத்துவார். கத்தட்டும்.

எனக்குச் சின்னண்ணனைத் தெரியும் என்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
ரெத்தினபாய்