ரோஜாவின் கைபேசிக்குள் மாட்டிக்கொண்ட நர்சிங் இடம்

அனுப்புநர்:
பா. மாரிக்கண்ணன்,
கிழக்குத் தெரு, எம். புதுப்பட்டி,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
விருதுநகர்.

பொருள்: இறந்துபோன என் மனைவி ரோஜாவின் எண்ணிலும் மின்னஞ்சலிலும் சிக்கியுள்ள மகளின் கலந்தாய்வுக் கணக்கை வியாழக்கிழமைக்குள் மீட்டுத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

1. என் மனைவி சென்ற மாதம் 19-ஆம் தேதி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இறந்துவிட்டார். ஆலை விதிப்படி அன்று காலை கேட்டில் ஒப்படைத்த அவரது கைபேசி மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்தது. உள்ளே கைபேசி கொண்டுபோவது ஆபத்தாம். ஆள் போகத் தடையில்லை.

2. மகள் சினேகாவின் நர்சிங் விண்ணப்பத்தை ரோஜாதான் தன் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துப் பதிவு செய்தார். என்னிடம் இருப்பது பட்டன் போன். "எந்தக் காலேஜுன்னு சாயந்தரம் வந்து பாத்துக்கிடுவோம் புள்ள" என்று சொல்லிவிட்டுத்தான் அன்று கிளம்பினார். வரும் 17-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் கல்லூரியைத் தேர்வு செய்ய வேண்டும். அதற்கான ஓடிபி ரோஜாவின் எண்ணுக்குத்தான் வரும்.

3. இதில் என் தவறும் உண்டு. சிம்மை முறைப்படி என் பெயருக்கு மாற்றலாம் என்று இறப்புச் சான்றிதழோடு கைபேசி நிறுவனக் கடைக்குப் போனேன். சான்றிதழைப் பார்த்ததும் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். என் வாழ்நாளில் இவ்வளவு விரைவாக நடந்த காரியம் இது ஒன்றுதான். திரும்பத் தருவதற்கு, "அவுகளையே நேர்ல வரச் சொல்லுங்க" என்றார் அங்கிருந்த பெண். அவர்தான் இறந்துவிட்டாரே என்றேன். "அப்படின்னா அவுக கையெழுத்துப் போட்ட லெட்டராச்சும் வாங்கிட்டு வாங்க" என்றார். எங்கே போய் வாங்குவது என்பதை மட்டும் சொல்லவில்லை.

4. கலந்தாய்வு உதவி மையத்தில் எண்ணை மாற்றித் தருவார்களாம். பழைய எண்ணுக்கு வரும் ஓடிபியைச் சொன்னால் போதுமாம். இல்லையென்றால் மின்னஞ்சலைத் திறக்கலாமாம். அது பூட்டிய கைபேசிக்குள் இருக்கிறது.

5. கைபேசி பழுது பார்ப்பவர் ரோஜாவின் விரல்ரேகை கேட்டார். பதினாறு வருடம் வெடிமருந்து அள்ளித் தேய்ந்த விரல்கள் அய்யா அவை. உயிரோடு இருந்தபோதே ரேஷன் கடை இயந்திரம் அவரை ரோஜா என்று ஒத்துக்கொண்டதில்லை. அதனால்தான் எண் போட்டுப் பூட்டியிருந்தார். மகளின் பிறந்தநாள், எங்கள் கல்யாண நாள் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டோம். கல்யாண நாள் இல்லை என்று தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

6. ஆகவே, இத்துடன் இணைத்துள்ள இறப்புச் சான்றிதழை ஏற்று, ஓடிபி என் பட்டன் போனுக்கு வரும்படி உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

7. நேற்று ஆலை ஃபோர்மேன் துக்கம் கேட்க வந்தார். சீசன் நேரம், ஆலை வேனில் ரோஜாவின் இடம் காலியாக இருக்கிறது, சினேகாவை அனுப்புங்கள் என்றார். அவளுக்குப் பதினெட்டு நிறைய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்றேன். அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் ஓடிபி எதுவும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வேன் வரும்.

தங்கள் கையெழுத்தையாவது எதிர்பார்த்து,

(பா. மாரிக்கண்ணன்)

இடம்: விருதுநகர்
நாள்: 14.07.2025