சிரிக்காம கேக்கத் தெரியல

புரட்டாசி 20, செவ்வாய்

வெயில். மேகம் மலையோடயே நிக்கி, ஊருக்குள்ள இறங்க மாட்டேங்கு. மிளகாய் காயப் போட்டேன்.

லைன்மேன் தம்பி வந்தான். "யக்கா, மூணு பில் நிக்கி. சனிக்கிழமைக்குள்ள கட்டலன்னா பியூஸ் கட்டையப் பிடுங்கச் சொல்லிட்டாக."

"பிடுங்கிட்டுப் போயி பொண்டாட்டிக்கு ஜிமிக்கி பண்ணப் போறியா"ன்னேன். சிரிச்சுக்கிட்டே சைக்கிள மிதிச்சுட்டான். அவன் தலை மறைஞ்சதும் அரிசிப் பானைக்குள்ள கைய விட்டுச் சில்லறையத் துழாவினேன்.

இந்த வருசம் சாரல் ஏமாத்திட்டு. குத்தாலத்துப் பங்களாவுக்குக் குளிக்க ஆள் வந்தாத்தான் எனக்குச் சமையல் வேல. வந்தது ரெண்டே குடும்பம். அதுல ஒண்ணு, அருவியப் பார்த்துட்டு மறுநாளே பெட்டியக் கட்டிட்டு.

வாங்க வேண்டியது: உளுந்து, சோப்பு, எண்ணெய். மூணையும் அடிச்சுட்டு 'பில்'லுன்னு எழுதினேன். எழுதிட்டா கட்டின மாதிரி ஆயிருமா.

21, புதன்

காத்து. குத்தாலம் போனேன். பங்களா மேனேஜர் அண்ணாச்சி வாசல்ல பேப்பர் படிச்சுக்கிட்டு. அடுத்த சீசன் சம்பளத்துல கொஞ்சம் முன்கூட்டித் தாங்க, கரண்டு பில் கட்டணும்னு கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தாரு. பெறகு வாட்ச்மேனக் கூப்பிட்டாரு. "ஏ, இங்கன வாரும். சங்கரி வீட்டு லைட்டுக்கு நாம பணம் கட்டணுமாம்."

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். பழக்கம். டீ வாங்கிக் கொடுத்தாரு.

அவரச் சொல்லிக் குத்தமில்ல. போன சீசன்ல, அருவிக்கரையில சினிமாக்காரங்க இறங்கியிருக்காங்கன்னு சொல்லி, அவரச் சட்டை மாத்தி ஓட வச்சவ நான். இப்ப எப்படி நம்புவாரு.

திரும்பையில அருவிக்கரையில கொஞ்ச நேரம். தண்ணி நூலாட்டம் விழுது. குளிக்கிறவங்களை விடக் குரங்கு அதிகம். ஒண்ணு என் பையப் பிடுங்கப் பார்த்துச்சு. ஒண்ணும் இல்லடான்னு விரிச்சுக் காட்டினேன்.

22, வியாழன்

வீரகேரளம்புதூர். தம்பி வீடு. தம்பி பொண்டாட்டி வாசல்லயே, "மைனி வந்துட்டாக, இனி வயிறு வலிக்கச் சிரிக்கலாம்"னா. அதுக்குப் பெறகு எங்க கேக்க.

சாப்பிட்டுக் கைகழுவும்போது தம்பிகிட்ட மெல்லச் சொன்னேன். "ஏல, கரண்டு கட்டப் பணமில்ல."

"ஒனக்கா? நீ சிரிச்சாலே தெருவுக்கே வெளிச்சம்லா"ன்னான். புளி ஒரு பொட்டணம், கத்திரிக்கா கொஞ்சம், பஸ்ஸுக்குச் சில்லறை. பஸ் கிளம்புற வரைக்கும் என் முகத்தப் பார்க்கல. தெரிஞ்சேதான் சிரிச்சானோ. அவன் கெணறும் வத்திக் கெடக்கு.

23, வெள்ளி

மூட்டம். மழை இல்ல.

கண்ணாடி முன்னால நின்னு கேட்டுப் பார்த்தேன். 'கஷ்டமா இருக்கு, கொஞ்சம் உதவணும்.' வாய் தானா கோணிக்கிட்டுச் சிரிக்கி. மறுபடி சொன்னேன். மறுபடியும் சிரிப்பு. எனக்கே நம்பிக்கை வரல.

லைட்டப் போட்டேன். எங்க வீட்டுக்காரவுக ஆசப்பட்டு இழுத்த கரண்டு. மொத நாள் தெருவே வந்து அண்ணாந்து பார்த்துச்சு. அவுக போன பெறவு, பொழுது சாஞ்சு இதப் போட்டாத்தான் வீட்டுல யாரோ இருக்க மாதிரி இருக்கும். இது ஒண்ணுதான் நான் வீட்டுக்குள்ள வந்ததக் கவனிக்கி.

நாளைக்குப் பிடுங்கிருவான். இருட்டுக்கு மண்ணெண்ணெய் வேணும். பக்கத்து வீட்டு ஞானம்மா கிட்டப் போனேன். தையக்காரி. கோயில், தையல், இதைத் தவிர ஒண்ணும் தெரியாது. என் பேச்சுக்கு ஒரு நாளும் சிரிச்சதில்ல. போலீஸுன்னு நான்தான் பேரு வச்சேன். அவ வீட்டுல கரண்டு கெடையாது, சிமினி விளக்கு வெளிச்சத்துல ஜாக்கெட்டக் கண்ணுக்கு ஒட்ட வச்சுத் தைக்கா.

"ஏட்டி ஞானம், கொஞ்சம் மண்ணெண்ணெய் கொடு. நாளையிலருந்து எங்க வீட்டுல ஒளிஞ்சு பிடிச்சு வெளையாட்டு. நீயும் வாரியா"ன்னேன்.

சிரிக்கல. "பில் கட்டலையா?"

"இல்ல."

"எத்தன மாசம்?"

நாலு நாள்ல ஒருத்தி திருப்பிக் கேட்ட மொதக் கேள்வி. கண்ணு கலங்கிட்டு. சிமினிப் புகைன்னேன். விளக்கத் தள்ளி வச்சா.

24, சனி

காலைல ஞானம் வாசல்ல. கையில பணம். "கட்டிட்டு வா. தீபாவளித் தையல் நெறய கெடக்கு, சிமினியில கண்ணு தெரியல. சாயங்காலம் ஒன் லைட்டுல ஒக்காந்து தைக்கேன். இனி வர்ற பில்லுல பாதி என்னுது."

"வெளையாடுதியா"ன்னு கேட்டேன்.

"எனக்கு வெளையாடத் தெரியாது. ஒண்ணு, தைக்கையில பேசப்படாது. தையல் கோணும்."

கட்டியாச்சு. லைன்மேன் கிட்ட ரசீதக் காட்டி, "ஜிமிக்கிக்கு வேற எடம் பாரு"ன்னேன். சாயங்காலம் ஞானம் கைத்தையல் மிஷினத் தூக்கிட்டு வந்து வச்சுட்டுப் போனா.

25, ஞாயிறு

தூறல். மண்ணு கூட நனையல.

ஞானம் ஞாயித்துக்கெழம ஊசி தொட மாட்டா. மிஷின் மட்டும் துணி மூடிக்கிட்டு மூலையில, யாரோ முக்காடு போட்டுக் குந்தியிருக்க மாதிரி. லைட்டப் போட்டேன். சாப்பிட்டியான்னு அதுகிட்டக் கேட்டேன். கத்திரிக்காக் குழம்பு.

தீபாவளித் தையல் முடிஞ்சா இந்த மிஷினும் அவ வீட்டுக்கே போயிரும்.

26, திங்கள்

மழை. நல்ல மழை.

ஞானம் வந்தா. லைட்டுக்கு அடியில ஒக்காந்தா. கடகடன்னு மிஷின். நான் வாய்க்குள்ள முந்தானையத் திணிக்காத குறையா வெங்காயம் உரிச்சேன். எத்தனை பேச்சு வந்து தொண்டையில நின்னுச்சு.

அவ தலை நிமிராம, "ஏன் சும்மா இருக்க?"

"நீதான பேசப்படாதுன்ன."

"நூல் கோக்கையில பேசலாம்."

கோத்தா. சினிமாக்காரங்க கதையச் சொன்னேன். சிரிக்கல. அந்தச் சட்டை என்ன நெறம்னு மட்டும் கேட்டா.

புது நூல்கண்டு. நல்ல நூலுதான், நானே இழுத்துப் பார்த்தேன். இன்னைக்கு எதுக்கு இத்தனை தடவ அறுந்துச்சுன்னு தெரியல.