இருவருக்கு நனைத்த இலை

அக்கா, காலையில் எழுந்ததும் கை தானாக உன் பங்கு இலையையும் சேர்த்துத் தண்ணீரில் போட்டுவிட்டது. நனைந்ததைச் சுற்றி வைத்த ஈரச் சாக்கைப் பிரித்தேன். அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியபோதுதான், நீ இல்லை என்பது உறைத்தது. நனைத்த பீடி இலையை இன்றைக்கே சுற்றிவிட வேண்டும். விட்டால் காய்ந்து, மடக்கும்போதே உடையும். அதனால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், ஓடிப்போய்ச் சாக்கில் தண்ணீர் தெளித்துவிட்டு வருகிறேன்.

பக்கத்து வீட்டுக்கு நீ வாழ வந்த நாளிலிருந்து நமக்குள் வேலை பிரிந்தே கிடந்தது. அளவுத் தகடு வைத்து இலை வெட்டுவது நான். மடியில் முறத்தோடு புகையிலைத் தூளை வைத்துச் சுற்றி, நூல் கட்டி, முனை மடக்குவது நீ. ஒருமுறை ஆசைப்பட்டு நானும் சுற்றினேன். வாங்கிப் பார்த்தாய்.

"ஏண்டி, இது பீடியா, புள்ளத்தாச்சியா? இத்த பத்த வச்சா ஊரே இருமும்!"

சிரித்துச் சிரித்து உனக்குத்தான் இருமல் வந்தது. வெறும் இருமல் என்றுதான் நினைத்தோம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டே ஒன்றுதான் கேட்டாய்: "எம் பொண்ண மட்டும் முறத்துகிட்ட உக்கார வுடாத."

இன்றைக்கு வந்துவிட்டாள், அக்கா. நீ போனதிலிருந்து அவள் ஜவுளிக்கடை வேலைக்குப் போகவில்லை. சாக்கை எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சித்தி, அம்மாவுக்கும் சேத்து நனச்சுட்டியா? தள்ளு, நான் சுத்தறேன். வீணாப் போவுது பாரு."

உன் இடத்தில் உட்கார்ந்து, நான் வாய் திறப்பதற்குள் ஒன்றைச் சுற்றிவிட்டாள். எப்போது பார்த்துக் கற்றாளோ! முனையைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தியது அப்படியே நீ. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. அந்த ஆசையில் எனக்கே பயம் வந்து, முறத்தைப் பிடுங்கினேன்.

"எந்திரி மொதல்ல. உங்கம்மாவத் தின்னது இந்தத் தூளுதான்."

"அப்ப நீ மட்டும் ஏன் சுத்தற?"

"எனக்கு வேற தெரியாதும்மா. உனக்குத் தெரியும்ல?"

"கடைக்குப் போனா எல்லாரும் அம்மாவப் பத்தியே கேப்பாங்க சித்தி."

"கேக்கட்டும். அழுகை வந்தா அங்கயே அழு. இங்க உக்காராத."

இங்கேயே அழுதாள். அப்புறம் முகம் கழுவி, பௌர்ணமி கிரிவலக் கூட்டம் சேர்ந்தால் ஆட்டோ கிடைக்காது என்று முணுமுணுத்தபடி கடைக்குக் கிளம்பினாள். நாளைக்கும் போவாளா, தெரியவில்லை.

உன் வேகம் எனக்கு வராது. பாதி இலை காய்ந்துதான் போகும், போகட்டும். சுவரோரம் உன் இடத்திலும் சேர்த்துக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். இடுப்பு வலிக்கிறது. தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் இன்னும் கொஞ்சம் நீட்டுகிறேன். அவள் வந்தால் உட்கார இடம் இருக்கக் கூடாது.