முத்துச்செல்வியின் முன் பிரேக்

05.01.2025, ஞாயிறு, காலை 6.10. இதுவரை விழுந்தது: 11.

பதினொன்றும் என் தங்கை முத்துச்செல்வி விழுந்தவை. எண்ணுகிறவன் நான். எந்த இடம், எவ்வளவு வேகம், எந்தச் சக்கரம் முதலில் வழுக்கியது என்று எழுதினால்தான் காரணம் கிடைக்கும். "பள்ளத்துல விழுந்துட்டேண்ணே" என்று அவள் சொல்வதெல்லாம் தகவலே இல்லை.

மலை சைக்கிள் மாநிலத் தேர்வு பிப்ரவரி 16, கொடைக்கானல் பக்கம். முதல் மூன்று பெண்களுக்குத் தமிழ்நாடு அணியில் இடம். போன வருடம் இவள் நான்காவது. இருபத்து மூன்று வயதுக்கு உட்பட்ட பிரிவில் இவளுக்கு இதுதான் கடைசி வருடம். ஆறு வாரம் இருக்கிறது. மலைக்காரப் பெண்களுக்குக் காடு இருக்கிறது. எங்களுக்குத் தாயில்பட்டி வீட்டுக்குப் பின்னால் ஒரு கரட்டுக் குன்று, அதைச் சுற்றி வேலிக்கருவை.

09.01.2025, வியாழன்

மூன்றரைக்குப் பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்தாள். அங்கே சரவெடி பின்னுகிற வேலை. விரலெல்லாம் சிவப்புச் சாயம். தேங்காய் எண்ணெய் தேய்த்துச் சாயத்தை எடுத்து, ஒரு சொம்பு நீச்சத்தண்ணி குடித்து, நாலு மணிக்குக் கரட்டில் ஏறிவிட்டாள்.

சைக்கிளில் ஏறுமுன் குனிந்து இரண்டு உள்ளங்கையையும் தரையில் வைக்கிறாள். கம்பெனியில் ரூமுக்குள் போகுமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் உள்ள மின்சாரம் இறங்க; இல்லையென்றால் பொறி பறந்து வெடிமருந்தில் பிடித்துவிடும். சைக்கிளுக்கு அது எதற்கு? ரப்பர் டயர், மண் தரை. ஒரு அர்த்தமும் இல்லை என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டே தொட்டாள்.

14.01.2025, செவ்வாய்

பொங்கல். எட்டுச் சுற்று. விழவில்லை. முன் பிரேக் கீச்சிடுகிறது.

18.01.2025, சனி

பிரேக் பேடு புதிது போட்டேன். பிரேக் ஆயிலும் மாற்றினேன். பேடு கவ்விப் பிடிக்கிற டிஸ்க் தட்டை நன்றாகத் துடைத்தேன். நாளை சரியாக இருக்கும்.

19.01.2025, ஞாயிறு

சரியாக இல்லை.

25.01.2025, சனி

இரண்டாவது ஜோடி பேடு. துடைத்து, மாட்டி, உருட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை. இனி பிரச்சினை இல்லை.

26.01.2025, ஞாயிறு. விழுந்தது: 12.

மேற்கு இறக்கம், மூன்றாவது திருப்பம். முன் பிரேக்கை அழுத்தியிருக்கிறாள், வேகம் குறையவே இல்லை. நேரே கருவைக்குள். முழங்கையிலிருந்து தோள்வரை முள். அம்மா ஊக்கை வைத்து எடுத்தாள். இருபத்தேழு.

பயந்துவிட்டேன், அதை இங்கே மறைத்து என்ன? இத்தோடு விட்டுவிடச் சொல்வோமா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மாவும் அதே கம்பெனிதான், திரி வைக்கிற வேலை. ஊக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏலே, நாங்க ரெண்டு பேரும் தெனம் மருந்துக்குள்ள உக்காந்து எந்திரிச்சு வாரோம். நீ முள்ளு குத்துனதுக்கு நிப்பாட்டச் சொல்ற."

27.01.2025, திங்கள்

காரணம் கிடைத்துவிட்டது. பேடிலும் டிஸ்க்கிலும் எண்ணெய்ப் பசை! யார் வீட்டு எண்ணெய்? தேங்காய் எண்ணெய்க் கையோடு சக்கரத்தைத் தொட்டிருக்கிறாள். கத்தினேன். ஒரு துளி பட்டாலே பிரேக் போச்சு, இதுகூடத் தெரியாமல் என்ன போட்டிக்காரி என்று கேட்டேன்.

"தொடவே விடமாட்டேங்கியேண்ணே. டூல்பாக்ஸ் சாவியே ஒன் அரணாக்கயித்துலதான தொங்குது" என்றாள்.

சக்கரம் கழற்றச் சாவி தேவையில்லை என்றேன். அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். எண்ணெய் எண்ணெய்தான்.

29.01.2025, புதன்

இன்னும் பேசவில்லை. பின் பிரேக்கை மட்டும் வைத்து ஆறு சுற்று ஓட்டினாள். அப்படி யாராலும் ஓட்ட முடியாது என்று நினைத்திருந்தேன்.

31.01.2025, வெள்ளி

மூன்றாவது ஜோடி பேடு. டிஸ்க்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள். கையிலிருந்த துணியை வெடுக்கென்று பிடுங்கி முகர்ந்து பார்த்தாள்.

"இது எந்த ரூம் துணி?"

அவள் கம்பெனியில் ஒரு ரூம் துணி இன்னொரு ரூமுக்குப் போகக்கூடாது. போனால் போர்மேன் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நான் வேலை பார்ப்பது திருத்தங்கலில் அச்சு ஆபீஸ், மெஷின் பராமரிப்பு. இது அங்கே மெஷின் துடைக்க அடுக்கி வைத்திருக்கும் பனியன் வேஸ்ட், கழிவுத் துணி. வெள்ளையாக, மடிப்பாக இருக்கும். பிரஸ் துணி என்றேன்.

"பிரஸ்ல எதத் தொடச்சது?"

வாங்கி முகர்ந்தேன். மண்ணெண்ணெய். அதற்கு அடியில் – மெஷின் ஆயில். மெஷின்மேன் ஒச்சப்பன் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் சொன்னது: "ரோலர் தொடச்சத மண்ணெண்ணெயில அலசிக் காயப்போட்டு மறுபடி அடுக்குவோம்லப்பா. மூணு வருசமா இங்கனதான இருக்க, பாத்ததில்லையா?"

பார்த்ததில்லை.

பேடு புதிதாகப் போட்ட ஒவ்வொரு முறையும் அந்தத் துணியால் டிஸ்க்கைத் துடைத்து நானே எண்ணெய் பூசியிருக்கிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல். முதல் வகுப்பு.

முத்துச்செல்வி சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அம்மா வந்து என்னவென்று கேட்டதற்கு, "அண்ணன் பிரேக்குக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டியிருக்கும்மா" என்றாள்.

இருபத்தேழு முள். தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. பேடையும் டிஸ்க்கையும் மாற்றிவிட்டு விருதுநகர் போய் எண்ணெய் பரோட்டா வாங்கி வந்தேன். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, "இதுலயும் எண்ணெயாண்ணே" என்றாள். அப்போது சொன்னேன். தப்பு என்னுடையதுதான் என்று. தலையாட்டிவிட்டு என் பங்கிலிருந்தும் ஒரு பரோட்டா எடுத்துக்கொண்டாள்.

02.02.2025, ஞாயிறு

செயின் அறுந்தால் கோர்க்கக் கற்றுக்கொடு என்றாள். நீ ஓட்டு, மற்றதை நான் பார்க்கிறேன் என்று வழக்கம்போல் சொன்னேன்.

"பாதையில நீ தொட்டா என்னைய வெளியேத்திருவாங்க. காட்டுக்குள்ள அறுந்துச்சுன்னா?"

 அரணாக்கயிற்றிலிருந்து சாவியை எடுத்து டூல்பாக்ஸைத் திறந்தேன். முதல் முறை அவளுக்கு ஒன்பது நிமிடம். பன்னிரண்டாவது முறை ஒரு நிமிடம் இருபது வினாடி. என்னுடையது ஒன்று முப்பத்தைந்து. சரவெடி பின்னுகிற விரல், வேறென்ன. எரிச்சலாக இருக்கிறது.

09.02.2025, ஞாயிறு. விழுந்தது: 12. நான் விழுந்தது: 1.

இவ்வளவு பேசுகிறாயே, ஓட்டிப்பார் என்றாள். பத்து மீட்டரில் கல்லில் மோதினேன். நான் கல்லையே பார்த்தேனாம். "பின்னிக்கிட்டு இருக்க வெடியப் பாத்தா கை நின்னுபோகும்ணே. அடுத்து வாரதப் பாக்கணும். கல்லும் அப்படித்தான்." முழங்கால் வீங்கியிருக்கிறது. அம்மா ஊக்கோடு வந்து, முள் இல்லை என்று ஏமாந்து போனாள்.

16.02.2025, ஞாயிறு, இரவு 8.00, திரும்பி வருகிற பஸ்

ஆரம்பக் கோட்டில் குனிந்து தரையைத் தொட்டாள். பக்கத்தில் நின்ற கோயம்புத்தூர்ப் பெண் அதைக் கும்பிடு என்று நினைத்து அவளும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நாலு சுற்று. முதல் இரண்டிலும் இவள் மூன்றாவது. மூன்றாவது சுற்றில் காணோம். முதலாமவள் போனாள், இரண்டாமவள் போனாள், பிறகு இரண்டு பேர் சேர்ந்து போனார்கள். இவள் எங்கே? காட்டைப் பார்த்து நடந்தேன். நடுவர் தடுத்தார்: நான் உள்ளே போய்ச் சைக்கிளைத் தொட்டால் அவள் போட்டியில் இல்லை. நின்றேன். வாழ்க்கையில் நான் ஒன்றும் செய்யாமல் நின்ற நேரங்களில் அதுதான் நீளமானது.

ஐந்தாவதாக வந்தாள். கையெல்லாம் கருப்புக் கிரீஸ். என்னைக் கடக்கும்போது ஒரே வார்த்தை: "செயினு."

கடைசி இறக்கத்தில் மற்றவர்கள் பிரேக் பிடித்த இடத்தில் இவள் பிடிக்கவில்லை. அதற்குக் கீழே, திருப்பத்துக்குச் சற்று முன்னால்தான் பிடித்தாள். பிடித்தது. ஒருத்தியை அங்கேயும் இன்னொருத்தியை அடுத்த வளைவிலும் தாண்டினாள்.

மூன்றாவது. நான்காவது பெண் ஆறு வினாடி பின்னால்.

செயின் கோர்க்க எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டேன். "எண்ணலண்ணே. எண்ணுறது நீதான" என்றாள். இப்போது ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறாள். நாளைக் காலை அவளுக்குக் கம்பெனி உண்டு.

17.02.2025, திங்கள்

அடுத்த மாதக் கடைசியில் தேசியப் போட்டி. செய்ய வேண்டியவை:

1. பிரஸ் துணி பிரஸ்ஸிலேயே இருக்கும்.
2. டிஸ்க்குக்கு அம்மாவின் பழைய சேலை. துவைத்தது, வேறு எதையும் துடைக்காதது.
3. அறுந்த கண்ணியை ஆராய வேண்டும். அதைப் போன மாதம் பொருத்தியவன் நான்.
4. பனியன் துணிக் கதை ஒச்சப்பன் அண்ணனுக்குத் தெரியக்கூடாது. (தெரிந்துவிட்டது. முத்துச்செல்வி போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள்.)
5. டூல்பாக்ஸைத் திறக்க இனி முத்துச்செல்வியிடம்தான் சாவி கேட்க வேண்டும்.