செருப்புத் திருடன்

ஜூன் 14, வெள்ளி

செருப்பு தொலைந்த கதையை யாழினியிடம் சொன்னது என் தப்பு. மகளுக்குப் பன்னிரண்டு வயது. எதையும் சும்மா விடமாட்டாள்.

பதினெட்டு வருடத்துக்கு முன்பு சிராங்கூன் சாலைக் கோவில் வாசலில் விட்ட என் புதுச் செருப்பை எவனோ போட்டுக்கொண்டு போய்விட்டான். உச்சி வெயில். தார் சுட, குதித்துக் குதித்து எதிரே இருந்த செருப்புக் கடைக்குள் ஓடினேன். கல்லாவில் இருந்த பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள்தான் மலர். மறு வருடமே கல்யாணம்.

இன்று மாலை மூவரும் அதே கோவிலுக்குப் போனோம். ரயிலில் யாழினி ஆரம்பித்தாள்.

"டைம் மெஷின் கிடைச்சா நான் போய் அந்தத் திருடனைப் பிடிச்சிடுவேன்ப்பா."

"பிடிச்சா செருப்பு தொலையாது. அம்மாவைப் பார்த்திருக்க மாட்டேன். நீயே இருக்க மாட்டே."

"நான் இல்லைன்னா அவனை யாரு பிடிப்பா?"

"யாரும் பிடிக்க மாட்டாங்க. செருப்பு போயிடும், நீ பிறந்திடுவே."

"பிறந்து, மறுபடி போய்ப் பிடிப்பேன் லா!"

டோபி காட் நிலையத்தில் ரயில் மாறும்வரை இதே சுற்று. எனக்குத் தலை சுற்றியது. அடுத்த நிலையம் வருவதற்குள் அவளே முடிவு சொன்னாள்.

"அப்போ நானே போய்த் திருடிடுறேன். சேஃப்."

சாமி கும்பிட்டு வெளியே வந்தால் என் செருப்பைக் காணோம். கத்தினேன். தூணுக்குப் பின்னாலிருந்து அதைப் போட்டுக்கொண்டு யாழினி வந்தாள்.

"பிராக்டிஸ்ப்பா."

மலர் அன்று போலவே சிரித்தாள்.

பதினெட்டு வருடமாக அந்தத் திருடனை நாசமாய்ப் போக என்று திட்டியிருக்கிறேன். இப்போது எழுந்து போய்ப் பார்த்தேன். போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்குகிறாள் திருடி. போர்த்திவிட்டு வந்தேன்.