நானூற்று முப்பதில் ஒரு மேடு

ஜூன் 3, செவ்வாய்

ஒளிர்வுமானியின் விளக்கு நிதானத்துக்கு வர அரை மணி நேரம் ஆகும். அதுவரை இந்த நோட்டுதான் துணை.

கரைசல் ஊற்றி அளக்கும் சின்னக் கண்ணாடிப் பெட்டியான குவெட்டைத் துடைக்கும் தாள் டப்பா, என் ஆய்வு கைடு அறையில், பூட்டிய அலமாரியில் இருக்கிறது. வேண்டுமானால் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, காரணமும் எழுத வேண்டும். போன மாதம் "துடைக்க" என்று எழுதினேன். "எதைத் துடைக்க?" என்று சிவப்பு மையில் கேள்வி வந்தது. இந்த மனிதருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் நானோமீட்டர். அதைவிடப் பெரிய அலகில் அவருக்கு யோசிக்க வராது.

கையெழுத்துப் போடச் சலிப்பாக இருந்தது. என் ஆய்வகக் கோட்டின் ஓரத்திலேயே துடைத்துவிட்டேன். வெள்ளைத் துணிதானே.

ஜூன் 5, வியாழன்

அப்பாவுக்கு என் வேலையை விளக்கினேன். மூன்றாவது முறை.

"புரதம்னா சுருட்டி வெச்ச நூல்கண்டு மாதிரிப்பா. உள்ள டிரிப்டோபேன்னு ஒண்ணு ஒளிஞ்சிருக்கும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை அது மேல அடிச்சா, அது வேற ஒளியைத் திருப்பி விடும். கண்டு சுருண்டிருந்தா ஒரு நிறம், அவிழ்ந்தா கொஞ்சம் தள்ளி இன்னொரு நிறம்."

"எப்படி அவிழ்ப்பே?"

"யூரியா போடுவேன்."

"உரமா?"

"அதேதான்."

இருபத்தெட்டு வருஷம் பேருந்து ஓட்டியவர். "அவிழ்த்துட்டு மறுபடி சுத்தி வெச்சிடுவீங்கல்ல?" என்று கேட்டார். எங்கள் துறையில் பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

ஜூன் 9, திங்கள்

ஏதோ இருக்கிறது.

வழக்கம்போல யூரியாவைக் குறைவிலிருந்து அதிகத்துக்கு ஏற்றிக்கொண்டே போனேன். எப்போதும் அந்த வரிசைதான். அப்படிப் போனால் நடுவில் குவெட்டை முழுசாகக் கழுவ வேண்டாம், அலசினால் போதும். சோம்பேறித்தனத்துக்கு அறிவியல் கொடுத்த சலுகை. வரைபடத்தில் டிரிப்டோபேன் ஒளியின் சிகரம் 335 நானோமீட்டரிலிருந்து 350க்கு நகர்ந்தது. அது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் 430இல் ஒரு சின்ன மேடு. யூரியா ஏற ஏற அதுவும் ஏறுகிறது. காலையில் எடுத்த பிளாங்க்கில், புரதம் போடாத வெறும் கரைசலில், அது இல்லை.

மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் வந்தது.

ஜூன் 11, புதன்

நானோமீட்டர் சிரித்தார். பல் இருக்கிறது என்று இன்றுதான் தெரியும்.

"இதுவரைக்கும் யாரும் பார்க்காத இடைநிலைம்மா இது. பாதி அவிழ்ந்த வடிவம்!" என்று மானிட்டரையே தடவினார். இருபத்தேழாம் தேதி மாநாட்டில் அவர் பேசப்போகிறார். என் பெயர் இரண்டாவதாக வரும். இரண்டு வருஷமாக "அந்தப் பொண்ணு"வாக இருந்தவள் ஒரே மதியத்தில் "நம்ம பொண்ணு" ஆகிவிட்டேன். பதவி உயர்வுதான்.

அப்பாவிடம் சொன்னேன். வாரா வாரம் என் கோட்டைத் துவைப்பவர், இன்று மாலையே அதை வாளியில் போட்டு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பவுடர் கொட்டி ஊற வைத்தார். "பெரியவங்க பார்க்கிற இடம். பளிச்சுன்னு போகணும்."

ஜூன் 16, திங்கள்

வேறொரு நிறுவனத்தில் இருக்கும் தன் பழைய நண்பருக்கு நானோமீட்டர் வரைபடத்தை அனுப்பியிருந்தார். பதில் ஒரே வரி: "430இல் இருப்பது அழுக்கு மாதிரி தெரிகிறது. குவெட்டை யார் கழுவுகிறார்கள்?"

யார் கழுவுகிறார்கள்! எட்டு பேர் தொடுகிற பொருளில் தப்பு என்றதும் எல்லோர் கண்ணும் ஒரே ஆளிடம் போய்விட்டது. கழுவும் அறை அக்காவிடம். ஒப்பந்த ஆள். மாலையில் எங்கள் குடுவைகள், குவெட்டுகள் எல்லாம் அவள் கைக்குப் போகும், காலையில் பளபளவென்று திரும்பி வரும். பத்து வருஷமாக.

நானோமீட்டர் அவளைக் கூப்பிட்டு நிற்க வைத்தார். "என்ன சோப்பு போடறே?"

"நீங்க குடுத்த சோப்புதான் சார்."

"நல்லா அலசறியா?"

"ஏழு தடவை. சுவத்துல நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒன்றும் பேசவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

பேசாமல் இருந்ததுகூடப் பரவாயில்லை. இன்று நானும் போய்க் கேட்டேன். "அக்கா, நிஜமாவே ஏழு தடவை அலசறீங்களா?" தோழமையாகக் கேட்பதாக எனக்கு ஒரு நினைப்பு.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "நீ வேணா நின்னு எண்ணிக்கோ பாப்பா."

எண்ணவில்லை. ஆனால் போகவும் இல்லை, அங்கேயே நின்றேன். அதுவும் எண்ணுவதுதானே?

ஜூன் 19, வியாழன்

மாத முடிவோடு ஆளை மாற்றச் சொல்லி ஒப்பந்தக்காரருக்குக் கடிதம் போய்விட்டது. நகலைப் பார்த்தேன். "கவனக்குறைவு." ஒரே வார்த்தை, பத்து வருஷம் காலி. தப்பு நடந்தால் படிக்கட்டில் கீழே இறங்கிக்கொண்டே போய், இனிமேல் படியே இல்லை என்கிற இடத்தில் நிற்கிறவர் தலையில் வைப்பது. இதற்கெல்லாம் மாநாடு போட மாட்டார்கள்.

ஜூன் 20, வெள்ளி

ஐயோ.

ஜெல் தகட்டில் சாயப் பட்டைகளைப் பார்க்க இருட்டறைக்குப் போனேன். சீனியர் புற ஊதா விளக்கைப் போட்டதும் கத்தினான்: "ஏய், நிலா உள்ள வந்துடுச்சு! என்னத்தை மேல பூசிட்டு வந்தே?"

குனிந்து பார்த்தேன். அவன் கோட்டு லேசாக மின்னியது. என் கோட்டு எரிந்தது. நீலமாக, கல்யாண மண்டப விளக்கு மாதிரி. அப்பாவின் பவுடர். வெள்ளையை வெள்ளையாகக் காட்ட அதில் ஒளிரும் சாயம் போடுகிறார்கள் என்று முதல் வருஷமே படித்தவள் நான். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

கோட்டு ஓரம்.

கோட்டு ஓரத்தில்தானே துடைக்கிறேன். குவெட்டை அலசி, ஈரத்தோடு, ஒவ்வொரு தடவையும்…

ஜூன் 21, சனி

யாரும் வராத நாள். கோட்டு ஓரத்தைக் கொஞ்சம் நீரில் நனைத்துப் பிழிந்து, அந்த நீரை அளந்தேன். மேடு 430க்குப் பக்கத்தில்தான். மலை மாதிரி.

பிறகு முழு வரிசையையும் தலைகீழாகச் செய்தேன், அதிக யூரியாவிலிருந்து குறைவுக்கு. வேண்டுமென்றே கோட்டிலேயே துடைத்தேன். யூரியா குறைந்துகொண்டே போனது, மேடு ஏறிக்கொண்டே போனது. யூரியாவுக்கும் மேட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒவ்வொரு துடைப்பிலும் கொஞ்சம் சாயம் குவெட்டில் ஏறுகிறது; எத்தனை தடவை துடைத்தேன் என்பதுதான் கணக்கு. காலை பிளாங்க் சுத்தமாக இருந்ததற்கும் காரணம் அதுதான். அது அக்கா கழுவித் தந்த குவெட், என் கை படுவதற்கு முன்னால்.

கடைசியாக நானோமீட்டரின் அலமாரித் தாளில் துடைத்து ஒருமுறை. (சாவி எங்கே இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.) மேடு இல்லை. தரை.

யாரும் பார்க்காத இடைநிலைதான். புரதத்துக்கும் எங்கள் வீட்டு வாளிக்கும் நடுவில்.

ஜூன் 22, ஞாயிறு

சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். நேர்மையாக எழுதிவிடுகிறேன்: பத்து நிமிஷம் யோசித்தேன். மாநாடு முடியும். பெயர் வரும். அடுத்த வருஷம் எவனாவது "எங்களுக்கு வரவில்லை" என்று எழுதுவான், அதற்குள் நான் வேறு எங்காவது போயிருப்பேன். தாளைப் பூட்டி வைத்தது அவர்தானே, நானா?

அவர் பூட்டினார். சரி. துடைத்தது யார்?

அப்பா கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அப்போ நான் ஊற வெச்சதுதான் தப்பா?"

"இல்லப்பா. நான் துடைச்சதுதான் தப்பு."

"அந்த அம்மாவுக்கு வேலை போயிடுமா?"

"போகாது. நாளைக்குச் சொல்லிடுவேன்."

"நாளைக்கா? எப்போ தெரியும் உனக்கு?"

"முந்தாநாள்."

கோட்டை மடித்து என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

ஜூன் 23, திங்கள்

காலையிலேயே நானோமீட்டர் அறைக்குப் போனேன். வரைபடங்களை மேசையில் பரப்பி முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி, தன் சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"உங்கப்பா என்ன பவுடர் போடறார்?"

சொன்னேன். குறித்துக்கொண்டார்! ஆராய்ச்சிக்கா வீட்டுக்கா, தெரியவில்லை.

"சரி. மாநாட்டுல பேச்சை வாபஸ் வாங்கிடறேன். நீ மூணு வார வேலையைத் தொலைச்சிருக்கே, புரியுதா?"

"புரியுது சார். அந்தக் கடிதம்?"

"சொல்லிடறேன்."

"எழுத்துல வேணும் சார். கவனக்குறைவுன்னு எழுத்துலதானே போச்சு."

முகம் சிவந்துவிட்டது. நான் நகரவில்லை. தட்டச்சு செய்தார். தப்பு ஆய்வு மாணவியுடையது என்று எழுதினார். கையெழுத்துப் போடும்போது பேனா தாளைக் கிழித்துவிடும் போலிருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

அக்காவிடம் போய்ச் சொன்னேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்துப் போன என் முகரையை நானே கண்ணாடியில் பார்க்க வேண்டும்.

"எட்டு நாளு எல்லாரும் என் கையையே பாத்தாங்க. நீயும்தான் வந்து பக்கத்துல நின்னே. அவரு கேட்டா அதிகாரம்னு விட்டுடலாம். நீ கேட்டதுக்கு என்ன பேரு பாப்பா?"

குழாயைத் திறந்துவிட்டாள். என்னை வெளியே அனுப்ப அவளிடம் இருந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான்.

ஜூன் 27, வெள்ளி

மாநாடு நாள். நாங்கள் யாரும் போகவில்லை. டீ குடித்தோம். சீனியர் என்னை "நிலா" என்றுதான் கூப்பிடுகிறான். இது இனிமேல் போகாது.

ஜூலை 1, செவ்வாய்

அக்கா வேலையில் இருக்கிறாள். என்னோடு பேசுவதில்லை.

என் குவெட்டுகளை இனி நானே கழுவுகிறேன் என்று போய்ச் சொன்னேன். தொட்டியில் ஓரமாக ஒரு இடத்தைக் காட்டினாள். அவ்வளவுதான்.

ஜூலை 9, புதன்

எட்டு நாளாக அந்த ஓரத்தில் நின்று கழுவுகிறேன். புதுத் தரவு சலிப்பூட்டும் அளவுக்குச் சுத்தம். 335, 350, அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. நானோமீட்டர் பார்த்துவிட்டு "ம்" என்றார்.

மாலையில் குவெட்டை அலசி, கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினேன். பின்னாலிருந்து அக்கா அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு பக்கம் திருப்பினாள், மறு பக்கம் திருப்பினாள். பிறகு என் கையில் திரும்ப வைத்தாள்.

"அஞ்சு தடவைதான் அலசினே. நான் எண்ணினேன். இன்னும் ரெண்டு."

அலசினேன். வேறு வேலை இருந்தும் அக்கா போகவில்லை, பக்கத்திலேயே நின்று எண்ணினாள். சத்தமாக.